யாரும் சாகாத காலையில் ஒரு சாவுத் தப்பு

எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் வளைவில் ஒரு கருங்கல் நிற்கிறது. உடப்புசல்லாவையிலிருந்து மேலே ஏறும் பஸ் அந்த இடத்தில் எப்படியும் மூச்சு வாங்கி நிதானிக்கும். ஜன்னலோரம் இருப்பவர்கள் கல்லை வாசித்துவிடலாம். அதை நிறுத்தப் பிரதேச சபையின் தீர்மானம் வேண்டியிருந்தது. பிரதேசச் செயலகத்தின் ஆட்சேபனையில்லைக் கடிதம் வேண்டியிருந்தது. வீதியோரம் யாருடைய பொறுப்போ அவர்களின் சம்மதமும் வேண்டியிருந்தது. கல்லின் நிழல் பிற்பகலில் தேயிலைச் செடிகளின் மேல் விழும் என்பதால் தோட்டக் கம்பனியின் சம்மதமும் கேட்கப்பட்டது. நிழலைப் பற்றிய இந்த வாசகத்தை நான் கற்பனையாகச் சேர்க்கவில்லை. கம்பனி அப்படித்தான் எழுதியிருந்தது. கச்சேரி என்ற மாவட்டச் செயலகத்தில் கோப்புகளுக்கிடையே உத்தியோகக் காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றவன் நான். நிழலுக்கும் அனுமதி கேட்கும் அலுவலகம் ஒன்றைக் கண்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. சக தொழிலாளி ஒருவனைச் சந்தித்த மரியாதைதான் வந்தது.

நினைவுக்கல் குழுவின் செயலாளராக என்னைப் போட்டதற்குக் காரணம் இந்த அனுபவம்தான். எந்தக் கடிதத்தை எந்த மேசையில் வைத்தால் நகரும், எந்த மேசையில் வைத்தால் உறங்கும் என்பது எனக்குத் தெரியும். அனுமதிகள் எல்லாம் வந்துவிட்டன. கல்லும் வந்துவிட்டது. அதில் என்ன எழுதுவது என்பது மட்டும் முடிவாகவில்லை. வரலாற்றுக்கு எந்த அலுவலகமும் ஆட்சேபனையில்லைக் கடிதம் தருவதில்லை.

நடந்தது என்ன என்பதில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சிறியது. சுதந்திரத்துக்குச் சில வருடங்களுக்கு முன், கொழுந்து மலிந்த பருவத்தில், அடைமழைக்குள் ஒரு பெண் கூடையோடு சறுக்கி விழுந்து இறந்துபோனாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் சாவு விழுந்தால் புதைத்து முடியும்வரை யாரும் வேலைக்குப் போவதில்லை. எங்கள் மக்கள் கடல் கடந்து வந்தபோது கையோடு கொண்டுவந்த வழக்கம் அது. இந்தத் தடவை வெள்ளைக்காரத் துரை, இரத்த உறவுகள் மட்டும் நிற்கலாம், மற்றவர்கள் மலைக்கு ஏற வேண்டும் என்று கட்டளை போட்டார். அவளை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார்கள். மற்றச் சனம் தலையைக் குனிந்துகொண்டு கொழுந்தெடுத்தது. துரை தான் வென்றுவிட்டதாக நினைத்திருப்பார்.

சில நாள் கழித்து ஒரு விடியற்காலை. அந்த நாட்களில் ஆட்களை எழுப்பிப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக்கொடுக்கும் களத்துக்கு, அழைப்பது தப்புப் பறையின் சத்தம்தான். அதை அடிப்பதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். அன்று பெரட்டுத் தப்பு ஒலிக்கவில்லை. அதற்குப் பதில் சாவுத் தப்பு ஒலித்தது. ஒலித்தபடியே மேற்கணக்கு, நடுக்கணக்கு, கீழ்க்கணக்கு என்று தோட்டத்தின் எல்லாப் பிரிவுகளையும் சுற்றி வந்தது. அன்று யாரும் செத்திருக்கவில்லை. யாரும் பெரட்டுக்கும் போகவில்லை.

அதன் பிறகு தேயிலை அரைக்கும் ஸ்டோரின் சக்கரம் நின்றது. பங்களாவுக்குப் பால் போகவில்லை. பக்கத்துத் தோட்டங்களும் கூடவே நின்றன. பாலத்தில் மரம் விழுந்து கிடந்தது. அது காற்றில் விழுந்ததா, ஆட்கள் தள்ளி விழுத்தியதா என்பது இன்றைக்கும் தீராத வழக்கு. பொலிஸ் லொறிகள் வந்தன. வலப்பனைப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலிருந்து பலாக்காயும் குரக்கன் தானியமும் வந்தன. முடிவில் பலர் சிறைக்குப் போனார்கள். தப்படித்தவரின் சட்டிபானைகளை வீதியில் எறிந்து குடும்பத்தையே தோட்டத்தைவிட்டு விரட்டினார்கள். துக்கத்தைத் தடுத்த துரையின் கட்டளை மட்டும் சத்தமில்லாமல் வாபஸானது. இன்றைக்கும் எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால் பெரட்டு இல்லை. நிழலுக்கு அனுமதி கேட்கும் கம்பனிகூட அதில் கை வைப்பதில்லை.

இதற்கு மேல் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என் தாத்தா அப்போது கங்காணி. தப்பைத் தடுக்கச் சொல்லித் துரை அவரை அனுப்பினார் என்றும், அவர் வழியில் நின்று தலைப்பாகையைக் கழற்றி ஒதுங்கி நின்றார் என்றும் என் அப்பா சொல்வார். பக்கத்து லயத்துக்காரர்கள், அவர் அன்று முழுக்கக் கக்கூசைவிட்டு வெளியே வரவில்லை என்பார்கள். இரண்டுக்கும் நேரில் கண்ட சாட்சிகள் இருந்தார்கள். பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நானா, குழுவின் பொருளாளர். அவருடைய மூத்தவாப்பா இருட்டோடு இருட்டாக அரிசி மூட்டைகளை மேலே ஏற்றினாராம். பலாக்காய் கொடுத்த கிராமத்து வீடுகளோ வருடத்துக்கு வருடம் பெருகிக்கொண்டே போகின்றன. இப்போது உரிமை கோருகிற வீடுகள் எல்லாம் அன்று கொடுத்திருந்தால், எங்கள் ஆட்கள் சிறைக்குப் போகுமுன் வயிற்றுக் கோளாறில் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள்.

குழு இரண்டு வரலாற்றாசிரியர்களை அழைத்தது. ஒருவரை மட்டும் அழைத்திருந்தால் கல் ஒரு மாதத்தில் எழும்பியிருக்கும்.

முதலாமவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், எங்களைப் போலவே லயத்தில் பிறந்து, சிறு வயதிலேயே வெளியூர் விடுதிக்குப் போய்ப் படித்து மேலே போனவர். அவருடைய முடிவு தெளிவாக இருந்தது. இது வேலை உரிமைக்கான போராட்டம். அடக்கத்துக்கு விடுமுறை கேட்டார்கள், கிடைத்தது, முடிந்தது. இதில் ஏகாதிபத்தியம், விடுதலை என்று பெரிய சொற்களை ஏற்றினால் அந்த மக்களை அவமதித்ததாகும், அவர்கள் கேட்டதை அவர்கள் கேட்டபடியே எழுத வேண்டும் என்றார்.

இரண்டாமவர் கொழும்பில் படிப்பிக்கும் சிங்கள ஆய்வாளர். வயதில் இளையவர், வலப்பனைக்காரப் பெண். வகுப்பில் படித்த தமிழை நிதானமாகப் பேசினார். வெள்ளைக்காரன் காலத்தில் அவருடைய ஊர் எழுந்து நின்றதும், அதற்காக அவன் வயல்களை எரித்ததும் அவர் வீட்டில் இன்றும் சொல்லப்படுகிற கதை. "எங்க ஊர் எழும்பினா அது கிளர்ச்சி, உங்க ஊர் எழும்பினா அது லீவு பிரச்சினையா?" என்று அவர் பேராசிரியரைக் கேட்டது முதல் கூட்டத்திலேயே நடந்தது. வாசிகசாலைக் கட்டடத்தில் நாற்காலிகள் போதாமல் நானா தன் கடையிலிருந்து பிஸ்கட் பெட்டிகளைக் கொண்டுவந்து போட்டிருந்தார். பேராசிரியர் அவற்றில் ஒன்றில்தான் இருந்தார். கேள்வி வந்ததும் பெட்டி கொஞ்சம் அமுங்கியது.

"அன்புக்கு நன்றிங்க மகள்," என்றார் அவர். "ஆனா அன்பு ஆதாரம் இல்ல."

"ஆதாரம் எழுதினது யார்? துரை. பொலிஸ். அவங்க எழுதினா 'கலவரம்'னுதான் எழுதுவாங்க."

"அதுக்காக நாம கவிதை எழுதலாமா?"

நானா என் காதுக்குள் குனிந்தார். "செயலாளரே, ரெண்டு பேரும் நல்லாப் படிச்சவங்க. கல்லு எழும்பாது."

நான் சிரித்தாலும், உள்ளுக்குள் எனக்கு அந்தப் பெண்ணின் கட்சிதான். காரணத்தை ஒளிக்கவில்லை. இந்த நாடு சுதந்திரம் பெற்ற கையோடு எங்கள் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்தவர்கள், அவன் பக்கம் நின்றவர்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட பேச்சுகளில் ஒன்று. என் உத்தியோகக் காலத்தில் குடியுரிமைக் கோப்புகள் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. பிறந்த இடத்தை நிரூபிக்க முடியாமல், பிறந்த லயத்தின் வாசலிலேயே நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். அவனை எதிர்த்து நாங்களும் எழுந்தோம் என்று ஒரு சிங்களப் பெண் எங்கள் தோட்டத்துக்கே வந்து வாதாடுகிறாள், எங்கள் பேராசிரியரோ இல்லை, நாங்கள் லீவுதான் கேட்டோம் என்கிறார். இப்படியொரு காட்சியை நான் காண்பேன் என்று நினைத்ததில்லை.

இருவரும் அதிகம் மோதிக்கொண்டது தப்பின் விஷயத்தில்தான். புதைத்து முடிந்து சில நாள் கழித்து எதற்குச் சாவுத் தப்பு? மறுக்கப்பட்ட துக்கத்தைத் தாமதமாகக் கொண்டாடினார்கள், அது மரபின் குரல், அரசியல் இல்லை என்றார் பேராசிரியர். வெள்ளை ஆட்சிக்கே சாவு அறிவித்தார்கள் என்றார் ஆய்வாளர். எனக்கு இரண்டும் அழகாகத்தான் பட்டன. இரண்டும் உண்மையில்லை என்பதும் தெரிந்தது. எங்கள் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர் எவருக்கும் தெரியும்.

பெரட்டுத் தப்பு ஓர் இடத்தில் நின்று அடிப்பது. சாவுத் தப்பு நடந்து போவது. செத்தவருக்கு எந்தக் கணக்கில் உறவு இருக்கிறதோ அந்தக் கணக்குக்கெல்லாம் கேதம், அதாவது சாவுச் செய்தி, சொல்லப் போக வேண்டும். அப்படிப் போகிறவரை வழிமறிப்பது பெரிய பாவம். கங்காணி மறிக்கமாட்டார், வாச்சர் மறிக்கமாட்டார், வண்டியும் ஓரங்கட்டும். அந்த நாட்களில் தொழிற்சங்கக்காரர்கள் நடமாடுகிறார்கள் என்று துரை கணக்குகளுக்கு இடையிலான ஒவ்வொரு பாதையிலும் வாச்சரை நிறுத்தியிருந்தார். ஒரு கணக்கு ஆள் மறு கணக்குக்குப் போக முடியாது. போகக்கூடியது கேதம் சொல்லும் தப்பு ஒன்றுதான். அன்று போனதும் அதுதான். தப்புக்குப் பின்னால் வந்த ஆள், யாரும் பெரட்டுக்குப் போக வேண்டாம் என்று ஒவ்வொரு லயத்திலும் சொல்லிக்கொண்டே போனார். வாச்சர்கள் தொப்பியைக் கழற்றி வழிவிட்டார்கள்.

இதை யாரும் வரலாற்றாசிரியர்களிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் அடுத்த கேள்வி, கேதம் சொல்வது யார் என்பதாக இருக்கும். தப்படிப்பதும் கேதம் சொல்வதும் ஒரே சாதிக்காரரின் தலையில் வைக்கப்பட்ட வேலை. ஒரே லயவரிசையில் இருந்தாலும் அவர்களுக்குக் கடைசி அறைதான் காம்பரா. கலியாணத்தில் கடைசிப் பந்தி. வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்தோம் என்று பெருமை பேசுகிற நாங்கள், அந்த எழுச்சியைச் சுமந்துகொண்டு நடந்தவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவோம். இந்த விஷயத்தில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை, அவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

அப்படியிருக்கும்போதுதான் டீச்சர் என் வீட்டுக்கு வந்தார்.

விரட்டப்பட்ட தப்புக்காரரின் பேத்தி அவர். குடும்பம் கொட்டகலைப் பக்கம் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு பாடசாலையில் அவர் இப்போது பிரதி அதிபர். கல் வைக்கும் செய்தி கேட்டு, நுவரெலியாவில் பஸ் மாறி, ஒரு சனிக்கிழமை வந்திருந்தார். நான் கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"கல்லுல எங்க தாத்தாவப் பத்தி எழுதுவீங்களா சார்?"

"எழுதாம எப்படிங்க டீச்சர்? அவரில்லாம என்ன இருக்கு?"

"எழுத வேணாம் சார்."

காரணத்தையும் அவரே சொன்னார்.

"எங்க ஸ்கூல்ல யாருக்கும் நாங்க எந்த லயம்னு தெரியாது. நல்ல டீச்சர், கண்டிப்பான டீச்சர், அவ்வளவுதான் தெரியும். அதுக்கு நான் எவ்வளவு பாடுபட்டேன்னு எனக்குத்தான் தெரியும். இப்ப பஸ் போற ரோட்டுல, கல்லுல, தப்பு அடிச்ச ஆளுன்னு எழுதினீங்கன்னா, நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல என்ன பேசுவாங்க? வாயால பேச மாட்டாங்க. டம்ளர மாத்தி வைப்பாங்க."

"பேராசிரியர் சொல்றபடி எழுதினா தப்பே வராது," என்றேன். அது உண்மைதான். உரிமைப் போராட்டம் என்று எழுதினால் கோரிக்கை வரும், வெற்றி வரும். தப்பு வராது.

"அப்ப அவர் சொல்றதையே போடுங்க," என்றார் டீச்சர். "அவர் நல்ல மனுஷன்."

வரலாற்றின் விளக்கங்கள் எப்படி ஆதரவாளர்களைச் சேர்க்கின்றன என்பதை அன்று கண்டேன். பேராசிரியருக்கு அவருடைய வாதத்துக்காக அல்ல, அதில் விட்டுப்போனதற்காக ஒருவர் கைதூக்க வந்திருந்தார். டீச்சரிடம் ஒன்று மட்டும் சொன்னேன். கல் வாசகத்தை முடிவுசெய்யும் கூட்டத்துக்கு உறவினர்களை அழைக்க வேண்டும் என்பது குழுவின் விதி. வராவிட்டாலும் கூட்டம் செல்லும். வந்தால் அவருடைய கருத்து பதிவாகும்.

"நான் வாறேன்," என்றார். "வேணாம்னு சொல்லத்தான் வாறேன்."

கூட்டம் அதே வாசிகசாலையில், அதே பிஸ்கட் பெட்டிகளின் மேல் நடந்தது. பேராசிரியரும் ஆய்வாளரும் எதிரெதிரே இருந்தார்கள். டீச்சர் கடைசி வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிரதேச சபை உறுப்பினரும் வந்திருந்தார். எங்கள் பக்கத்து ஆள், நல்ல வேட்டி, பேசினால் மைக் இல்லாமலே எட்டுத் திசையும் கேட்கும். அவர் வந்தால் கூட்டம் சீக்கிரம் முடியும். தான் பேசி முடித்ததும் போய்விடுவார், அவர் போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள்.

நான் இரண்டு வரைவுகளையும் வாசித்தேன். கல்லில் மூன்று மொழியும் வேண்டும் என்பது விதி. மொழிபெயர்ப்புக்கு அனுப்பியதில் ஒரே வரைவு சிங்களத்தில் கிளர்ச்சியாகவும், தமிழில் வேலைநிறுத்தமாகவும், ஆங்கிலத்தில் அமைதிக் குலைவாகவும் திரும்பி வந்திருந்தது. கூட்டம் சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை.

"பாத்தீங்களா," என்றார் ஆய்வாளர். "மொழிபெயர்ப்பாளரும் வரலாற்றாசிரியர்தான்."

உறுப்பினர் கையைத் தூக்கினார். "நான் ஒரு விஷயம் சொல்றேன். கிளர்ச்சின்னு போடுங்க, எழுச்சின்னு போடுங்க, எனக்குச் சந்தோஷம். நம்ம சனம் வீரம் உள்ள சனம். ஆனா ரெண்டாவது வரைவுல இந்தத் தப்பு, சாவு எல்லாம் வருது. அது ரோட்டோரம் வேணுமா? வெளியூர் ஆளுங்க பாப்பாங்க. முரசுன்னு போட்ருங்க. போர்முரசு! எவ்வளவு கம்பீரமா இருக்கு. அடிச்சது யாருன்னு எதுக்கு? தொழிலாளர்கள் முரசு கொட்டினார்கள். முடிஞ்சிது."

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன் என்பது உண்மை. எவருக்கும் ஆட்சேபனை இல்லாத வாசகம் ஒன்று கிடைத்தால் ஒரு செயலாளரின் கை தானாக எழுதத் தொடங்கும்.

"முரசு இல்லீங்க."

எல்லோரும் திரும்பினார்கள். டீச்சர் எழுந்து நின்றிருந்தார்.

"என்னாங்கம்மா?" என்றார் உறுப்பினர்.

"முரசு ராஜா வீட்டுல இருக்கும். இந்தத் தோட்டத்துல முரசு எங்க இருந்திச்சு? அடிச்சது தப்பு. ஆட்டுத்தோல் தப்பு. அடிச்சது எங்க தாத்தா."

"நீங்க யாருன்னு..."

"அதத்தான் சொல்றேன். நான் அவர் பேத்தி. வேணாம்னு சொல்லத்தான் வந்தேன், செயலாளர் சாருக்குத் தெரியும். தப்பு வேணாம்னா விட்டுருங்க, நான் ஒண்ணும் பேசாமப் போயிருப்பேன். முரசுன்னு போடுவீங்களா? அவரு அடிபட்டு, ஜெயிலுக்குப் போயி, பானை சட்டி ரோட்டுல கிடந்து, அதெல்லாம் எங்களுக்கு. கம்பீரம் மட்டும் உங்களுக்கா?"

வாசிகசாலையில் ஒரு பிஸ்கட் பெட்டி முனகியது.

டீச்சர் உட்காரவில்லை. வகுப்பில் பாடம் சொல்கிற குரலுக்கு மாறிவிட்டார். பெரட்டுத் தப்பு நிற்கும், சாவுத் தப்பு நடக்கும் என்றார். வாச்சர்கள் பாதைகளை மறித்திருந்ததைச் சொன்னார். கேதம் சொல்லப் போகிறவனைத் தொடக்கூடாது என்ற பயத்தை, தீட்டு என்று தள்ளிவைத்த அதே பயத்தை, அவருடைய தாத்தா பயணச் சீட்டாக எடுத்துக்கொண்டதைச் சொன்னார். "எங்கள யாரும் தொட மாட்டாங்கன்னுதான் எங்களால போக முடிஞ்சிச்சு," என்றார். "அத அவர் சிரிச்சுக்கிட்டே சொல்லுவாராம். எங்க அம்மா சொன்னாங்க. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கல. இன்னைக்குத்தான் பிடிக்குது."

முதலில் பேசியது பேராசிரியர். "அப்படின்னா இது தாமதமான துக்கம் இல்ல. திட்டம் போட்ட வேலை." அவர் முகம் மலர்ந்திருந்தது. "இது அமைப்பு, மகள்! தொழிலாளர் அமைப்பு. நான் சொன்னதவிடப் பலமான ஆதாரம்."

"தொழிலாளர் அமைப்பா?" ஆய்வாளர் பெட்டியைவிட்டே எழுந்துவிட்டார். "ஆட்சிக்காரன் மூடின பாதைய, ஆட்சிக்காரனுக்கே தெரியாம திறந்திருக்காங்க. இது கிளர்ச்சி இல்லைன்னா எது கிளர்ச்சி?"

ஐந்து நிமிடத்துக்குள் இருவரும் டீச்சரின் தாத்தாவைத் தங்கள் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டு, பழைய இடத்திலேயே, புதிய உற்சாகத்தோடு நின்றார்கள். ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். இருவரும் அதை எழுதப் போகிறார்கள். வேறு வேறு முடிவோடு. எனக்கு அதில் ஏமாற்றமில்லை. எங்கள் தோட்டத்தைப் பற்றி அதுவரை யாரும் சண்டை பிடித்ததே இல்லை. சண்டை பிடிக்கும் அளவுக்கு எங்களிடமும் ஒரு வரலாறு இருந்திருக்கிறது.

உறுப்பினர் வேட்டியைச் சரிசெய்தார். "தப்பா சொல்லலீங்கம்மா, நான் மரியாதைக்குச் சொன்னேன்," என்றார்.

"மரியாதைக்கு நீங்களும் நடந்து வாங்க சார்," என்றார் டீச்சர். "கல்லு திறக்கிற அன்னைக்குத் தப்பு மூணு கணக்கும் சுத்தி வரணும்."

"சாவுத் தப்பா? நல்ல காரியத்துலயா?"

"அன்னைக்கும் யாரும் சாகலயே," என்றார் நானா, தன் கணக்குப்புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

வாசகத்தை அன்றே முடித்தோம். எழுச்சியா உரிமைப் போராட்டமா என்ற பெயர்ச்சொல்லை வைக்காமல், நடந்ததை மட்டும் வாக்கியமாக எழுதலாம் என்று நான் சொன்னேன். பெயர் வைக்கும் வேலையை இரண்டு புத்தகங்களும் பார்த்துக்கொள்ளட்டும். கல்லில் இன்று இருப்பது இதுதான்:

*இந்தத் தோட்டத்து மக்கள், இறந்தவளுக்குத் துக்கம் காக்கக்கூடாது என்ற வெள்ளைத் துரையின் கட்டளைக்கு எதிராக எழுந்து நின்றார்கள். மறிக்கப்பட்ட பாதைகளில் சாவுத் தப்பு சுற்றி வந்து அவர்களை ஒன்று சேர்த்தது. தப்படித்தவரும் குடும்பமும் இங்கிருந்து விரட்டப்பட்டார்கள். அன்று யாரும் சாகவில்லை.*

மொழிபெயர்ப்பாளர்களுக்கு எந்த ஓட்டையும் விடவில்லை. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே கதையைச் சொல்கின்றன. அரசாங்கக் காகிதங்களில் இது அபூர்வம்.

திறப்பு நாளுக்கான நிகழ்ச்சி நிரலை நான்தான் தட்டினேன். மங்கள விளக்கு, தேசிய கீதம், வரவேற்புரை என்று எந்த நிரலுக்கும் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசைக்கு மேலே, முதலாவதாக, தப்பு என்று போட்டேன். உறுப்பினரின் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, இதற்கு முன்னுதாரணம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் அப்போது தேசிய கீதம் இருக்கவில்லை என்றேன்.

அன்று காலை மழை விட்டு மூடுபனி இருந்தது. கீழ்க்கணக்கு இளைஞர்கள் நாலு பேர் தப்பைத் தீயில் காட்டிச் சூடேற்றினார்கள். பாடசாலை விழாக்களில் துள்ளித் துள்ளி அடிப்பவர்கள். அன்று துள்ளல் இல்லை. சாவு அடி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுக்கு முன்னால் டீச்சர் நடந்தார். நல்ல பட்டுப்புடவை, கையில் குடை. பேராசிரியரும் ஆய்வாளரும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தார்கள், வாதாடிக்கொண்டே. உறுப்பினர் கொஞ்சத் தூரம் வந்தார். மழை மறுபடி வரும்போல இருக்கிறது என்று காருக்குத் திரும்பினார். அதையும் பின்னால் அவருடைய வீட்டு வரலாறு எப்படிச் சொல்லுமோ.

நடுக்கணக்கைத் தாண்டும்போது மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் கூடையை இறக்கி வைத்தார்கள். யாரும் சொல்லவில்லை. சத்தம் கேட்டதும் கை நின்றுவிட்டது. நான் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். தலைப்பாகையைக் கழற்றி ஒதுங்கி நின்றாரா, கக்கூசில் இருந்தாரா என்பது தெரியாது. எங்கே இருந்தாலும் இந்தச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

கீழ்க்கணக்குக்கு இறங்கும் வளைவில் எதிரே தோட்ட மனேஜரின் ஜீப் வந்தது. சிங்களவர், இளைஞர், வேலைக்கு வந்து அதிக காலமாகவில்லை. விழாவுக்கு அழைப்பு அனுப்பியிருந்தோம். அது எந்த மேசையில் உறங்கியதோ. அவருடைய ஜீப்புக்குப் பின்னால் ஒரு வேன். கொட்டகலையிலிருந்து டீச்சரின் பாடசாலை ஆசிரியர்கள், வழி பிசகி மறுபக்கமாக ஏறி வந்திருந்தார்கள். அவர்களை அழைத்தது டீச்சர்தான். கேதத்துக்கு அழைப்பதுபோல ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொன்னதாக என்னிடம் சொல்லியிருந்தார்.

மனேஜர் ஜீப்பை ஓரங்கட்டி இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். தப்பின் சத்தத்துக்கு மேலே டீச்சரிடம் சிங்களத்தில் கேட்டார். "கவுத மெருனே?" யார் செத்தது?

"கவுருத் மெருனே நே, மஹத்தயா," என்றார் டீச்சர். யாரும் சாகவில்லை. பிறகு, வேன் ஜன்னல்களுக்கும் கேட்கும்படி, தமிழிலேயே சொன்னார். "எங்க தாத்தா அன்னைக்கு அடிச்சது சார். கீழ்க்கணக்கு இன்னும் பாக்கி இருக்கு. சொல்லிட்டு வந்துடறோம்."

மனேஜருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஜீப்பின் இன்ஜினை நிறுத்தினார். வேன் கதவு திறந்தது. முதலில் இறங்கியவர் பாடசாலை அதிபராக இருக்க வேண்டும், தலை நரைத்தவர். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, தப்புக்குப் பின்னால் நடக்கிறவர்களோடு வந்து சேர்ந்தார். டீச்சர் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னால் பார்த்து நடந்தார்.